கை அரிப்பும் கருமையும்: மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியவை



மளிகை வியாபாரத்தில் இருப்பவருக்குக் கைதான் முதல் தராசு. புளியைப் பிசைந்து பார்த்துத் தரம் சொல்வதும், மல்லாட்டைப் பருப்பை உள்ளங்கையில் தேய்த்து ஈரம் பார்ப்பதும், வெல்லத்தை உடைத்து உள்நிறம் பார்ப்பதும் கைதான். அந்தக் கையில் அரிப்பு வந்து, தோல் தடித்து, வெடித்து, கறுத்துப் போனால் இரண்டு நஷ்டம். ஒன்று, வேலை செய்ய முடியாத வலி. மற்றொன்று, சர்க்கரை பொட்டலம் வாங்க வந்தவர் நம் கையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவது. இந்த இரண்டாவது நஷ்டத்துக்குப் பயந்து நாம் செய்யும் தவறுகள்தான் முதல் நஷ்டத்தைப் பெரிதாக்குகின்றன. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எங்கள் கடையில் நடந்த ஒரு பிழை

எங்கள் கடையில் பன்னிரண்டு வருடமாகச் சரக்குப் பிரித்துப் பொட்டலம் போட்டுவந்த ஒருவருக்கு, ஒரு மழைக்காலத்தில் கை விரல்கள் வெடித்து அரிக்க ஆரம்பித்தன. சில மாதத்தில் விரல்களும் புறங்கையும் கருங்கல் நிறமாகிவிட்டன. இரண்டு வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் எங்களைத் தனியே அழைத்து, "அந்த ஆளைச் சரக்குத் தொட விடாதீர்கள்" என்றார். நாங்களும் யோசிக்காமல், கை ஆறும்வரை வரவேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வீட்டில் சும்மா இருந்தவர் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டார், கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்தார், பிறகு யாரோ சொன்ன வெள்ளைக் கிரீம் வாங்கிப் பூசினார். கருமை கூடிற்றே தவிரக் குறையவில்லை.

கடைசியில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனார். அங்கே டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதாம். அடுத்து இடது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றின் நுனியைத் தடவிப் பார்த்து, "பூண்டு உரிக்கிறீர்களா?" என்று கேட்டாராம். எங்கள் கடையில் பூண்டு ஆய்ந்து பிரிப்பது அவர் வேலைதான். திரும்பி வந்து எங்களிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஐயா, இது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." ஒட்டாத நோய்க்காக ஒருவரைக் கூலியில்லாமல் வீட்டில் உட்கார வைத்தோம் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

இது என்ன நோய்?

இதற்கு ஆங்கில வைத்தியத்தில் எக்ஸிமா என்று பெயர். நம் பக்கத்தில் கரப்பான் என்பார்கள். நம் தோலின் மேலடுக்கு செங்கல் அடுக்கிக் கலவை பூசிய சுவர் போன்றது. உயிரற்ற மெல்லிய செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு கலவை. சோப்பு, ஈரம், உராய்வு, காரச் சரக்கு ஆகியவை இந்தக் கொழுப்பைக் கரைக்கும்போது சுவரில் விரிசல் விழுகிறது. உள் ஈரம் வெளியே போகிறது, வெளித் தூசு உள்ளே போகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது சிவப்பு, வீக்கம், சிறு நீர்க்கொப்புளம், அரிப்பு எல்லாம் வருகின்றன. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது.

இது இரண்டு வழியில் வரும். ஒன்று, எரிச்சலால் வருவது. சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், சலவை சோடா, ஓயாத ஈரம் ஆகியவை போதிய அளவு பட்டால் யார் கையையும் கெடுக்கும். இரண்டாவது, ஒவ்வாமையால் வருவது. இது எல்லோருக்கும் வராது. ஆனால் ஒருவர் உடம்பு ஒரு பொருளை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிறகு அது சிறிதளவு பட்டாலும் கிளம்பும். 20 வருடம் தொட்ட சரக்கே 21ஆம் வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். "இத்தனை வருடம் வராதது இப்போது ஏன் வரும்?" என்று நாம் கேட்பது இதனால்தான் பொருந்தாது.

நம் தொழிலுக்கே ஒரு பெயர்

இது புதிய சங்கதி அல்ல. இத்தாலி தேசத்து மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700ஆம் ஆண்டில் மோடெனா நகரில் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலில், தானியம் அளப்பவர்களுக்கும் புடைப்பவர்களுக்கும் தூசியால் உடம்பெங்கும் அரிப்பு வருவதை எழுதியிருக்கிறார். நோயாளியிடம் தொழில் என்ன என்று கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவரே. பிற்காலத்தில் இங்கிலாந்து மருத்துவர்கள் 'மளிகைக்காரர் அரிப்பு' என்றே ஒரு பெயர் வைத்தார்கள். சர்க்கரையும் மாவும் உலர்பழமும் கையாண்டவர்களுக்கு வந்த அரிப்பு அது. கண்ணுக்குத் தெரியாத சரக்குப் பூச்சிகளும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் கண்டார்கள்.

இந்தப் பூச்சிகள் ஈரமான கிடங்கில் பெருகுபவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிடங்குகளின் சுவர் வியர்க்கும் நாட்கள் அவற்றுக்குக் கொண்டாட்டம். வண்டு விழுந்த தானியத்தில் வண்டுப் புழுவைத் தின்று வாழும் வேறொரு வகைச் சிறு பூச்சி, மூட்டை தூக்குபவரின் முன்கை, கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களில் கடித்துத் தடிப்பு உண்டாக்கும். அந்தச் சரக்கை அகற்றினால் தடிப்பும் அடங்கும். பழைய சரக்கு பின்னால் தேங்காமல் முன்னால் வந்தது முன்னால் போகவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது பணத்துக்கு மட்டுமல்ல, தோலுக்கும் நல்லது.

எந்தச் சரக்கு என்ன செய்யும்?

1. பூண்டு: உரிப்பவர், ஆய்பவர்களுக்கு விரல் நுனி வறண்டு, தடித்து, வெடிக்கும். வலது கையில் கத்தி பிடிப்பவருக்குப் பூண்டைப் பிடிக்கும் இடது கையின் முதல் மூன்று விரல்கள்தான் கெடும். பூண்டின் சத்து சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவும். ஆகவே கையுறையை நம்பாமல் வேலையை மாற்றுவதே வழி.

2. மிளகாய்: இது எரிச்சல் சரக்கு. இதன் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பால் கழுவவேண்டும்.

3. மஞ்சள், குங்குமம்: தூய மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை தரும். குங்குமத்தில் சேர்க்கும் சாயங்கள் அதைவிட அதிகம். சாய ஒவ்வாமை சிவப்பாகத் தெரியாமல் நேராகக் கருமையாகவே தெரிவதும் உண்டு.

4. தலைச்சாயம்: நம் கடையில் சரம் சரமாகத் தொங்கும் கருப்புச் சாயப் பாக்கெட் பலவற்றில் உள்ள ஒரு ரசாயனம் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர் போனது. மீசைக்கும் தலைக்கும் வெறும் கையால் பூசுபவர் கவனிக்கவேண்டும்.

5. முந்திரி, சேராங்கொட்டை: பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கை கறுத்துப் புண்ணாவது நமக்குத் தெரிந்ததே. பருப்பு அல்ல, ஓட்டில் உள்ள எண்ணெய்தான் காரணம். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் அதே குடும்பம். நாட்டு மருந்துச் சரக்கு விற்பவர்கள் அதை வெறும் கையால் அளக்கக்கூடாது.

6. சோப்புத்தூள், சலவை சோடா, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர்: சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும்போது கையில் படிகிற தூள், வியர்வையோடு சேர்ந்து தோலைத் தின்னும். மோதிரத்தின் அடியில் தங்கும் சோப்பும் இப்படியே. பலருக்கு எக்ஸிமா மோதிரத்தின் கீழேதான் தொடங்கும்.

7. பார்த்தீனியம்: இது சரக்கல்ல, களை. இந்தியாவில் 1955 வாக்கில் புனாவில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. விற்பனைக்கூட வளாகத்திலும், லாரி நிற்கும் பொட்டலிலும், சாலை ஓரத்திலும் வெள்ளைப் பூவோடு நிற்கும் செடிதான். காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து படியும். கையோடு முகம், கழுத்து, முழங்கை மடிப்பும் சேர்ந்து அரித்துக் கறுத்தால் இதைச் சந்தேகிக்கவேண்டும். செடியை வெறும் கையால் பிடுங்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது.

கருமை ஏன் வருகிறது?

இதுதான் நம்மவர் அதிகம் கவலைப்படும் விஷயம். தோலுக்கு நிறம் தரும் செல்கள் தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் இருக்கின்றன. அருகில் அழற்சி நடந்தால் அவை தூண்டப்பட்டு அதிக நிறத்தைச் செய்கின்றன. மாநிறமும் கறுப்புமாக உள்ள நம் போன்றவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். ஆக, கருமை தனி நோய் அல்ல. அரிப்பு விட்டுச் சென்ற சுவடு. கணக்கு நோட்டில் வந்த நஷ்டத்தை அழிப்பானால் அழித்தால் நஷ்டம் தீராது. அதுபோல அரிப்பு நிற்காமல் கருமையை மட்டும் அழிக்கப் பார்ப்பது வீண்.

அரிப்பு நின்றால் மேல்தோலில் உள்ள பழுப்பு நிறம் சில மாதங்களில் தானே மங்கும். பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். நிறம் கீழ் அடுக்குக்கு இறங்கிச் சாம்பல் கலந்த நீலக் கருமையாகிவிட்டால் இன்னும் நீண்ட காலம் எடுக்கும். ஒவ்வொரு முறை சொறியும்போதும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வெயில் பட்டாலும் கருமை கூடும்.

நம் அலமாரியில் இருக்கும் ஆபத்து

இங்கே வணிகர் என்ற முறையில் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. கருமைக்கென்று கேட்டு வருபவருக்கு, 'எல்லோரும் வாங்குகிறார்கள்' என்று ஒரு கிரீமை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். பூசிய சில நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், நிறமும் மங்கும். நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய் தெரியும். படர்தாமரை உள்ள இடத்தில் பூசினால் அது பரவி, மருந்துக்கு அடங்காததாகிவிடும். இந்த முறைகேடான உபயோகத்தைப் பற்றித் தோல் மருத்துவர்கள் பல வருடம் முறையிட்டபின், மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. மளிகைக் கடையில் அவற்றுக்கு இடமே இல்லை.

வேறு சில கிரீம்களில் பாதரசம் இருக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல், முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்து எச்சரித்தார்கள். தயாரித்தவர் முகவரி, சேர்மானம், உரிம எண் இல்லாத டப்பாவை எந்தக் கமிஷன் கிடைத்தாலும் வாங்கி வைக்கவேண்டாம். நம் கையில் வந்த கருமைக்கும் அதைப் பூசவேண்டாம்.

அதற்காக டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அவர் சொன்ன வீரியம், சொன்ன நாள், சொன்ன அளவு என்றால் அதுதான் சரியான மருந்து. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். ஒரு கையின் இருபுறத்துக்கும் அது போதும்.

கடையில் செய்யவேண்டியவை

1. கணக்கு எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டில் தேதி, அன்று தொட்ட சரக்கு, அரிப்பு கூடியதா குறைந்ததா என்று குறியுங்கள். கடை விடுமுறையிலும் பொங்கல் நாட்களிலும் அரிப்பு குறைந்து, கடை திறந்ததும் கூடினால், காரணம் கடைக்குள் இருக்கிறது.

2. ஈரத்தைக் குறையுங்கள். நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத்தில் இருக்கும் கையும், 20 தடவைக்கு மேல் கழுவப்படும் கையும் ஆபத்தில் உள்ள கை என்பது மருத்துவர் கணக்கு. கழுவும்போது வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரும் மென்மையான குளியல் சோப்பும் போதும். துணி சோப்பு, கிருமிநாசினி, மண்ணெண்ணெய் ஆகியவற்றால் கை கழுவக்கூடாது. விரல் இடுக்கு வரை ஒற்றித் துடையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

3. கழுவிய ஒவ்வொரு முறையும் எண்ணெய்ப் பசை கொடுங்கள். வாசனை சேர்க்காத வாசலின் சிறந்தது. தேங்காய் எண்ணெயும் உதவும். இரவில் தாராளமாகத் தடவி, பருத்திக் கையுறையோ பழைய வேட்டித் துணியோ சுற்றிப் படுத்தால் வெடிப்பு சீக்கிரம் மூடும்.

4. கரண்டி பிடியுங்கள். சோப்புத்தூள், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எதையும் கையால் அள்ளாமல் அள்ளுகரண்டி, புனல் கொண்டு நிறுங்கள். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

5. கையுறை போட்டால் உள்ளே மெல்லிய பருத்தி, மேலே ரப்பர் அல்லது பிளாஸ்டிக். அரை மணிக்கு ஒருமுறை கழற்றுங்கள். உள்ளே வியர்வை தேங்கினால் கையுறையே எதிரியாகும். சிலருக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது.

6. கிடங்கைக் காய வையுங்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டைமேல் அடுக்கி, சுவரிலிருந்து இடைவெளி விடுங்கள். பழைய சாக்கை உதறுவதைக் கடைக்கு வெளியே, முழுக்கைச் சட்டையோடு செய்யுங்கள், வெயிலில் போடுங்கள்.

7. சுண்ணாம்பு, எலுமிச்சை, பூண்டுச் சாறு, கொதிநீர், உப்பு எதையும் வெடித்த தோலில் வைக்காதீர்கள். அந்த நேரம் அரிப்பு மறப்பது தோல் வெந்துபோவதால்தான். அரிப்பு தாங்கமுடியாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள்.

மேலே பார்வைக்கு ஆறிவிட்டாலும் தோலின் சுவர் முழுதாகக் கட்டப்பட மேலும் சில மாதங்கள் ஆகும். 'சரியாகிவிட்டது' என்று முதல் வாரத்திலேயே பழைய வேலைக்குத் திரும்புவதால்தான் பலருக்கு மறுபடி வருகிறது.

எப்போது டாக்டர்?

எல்லா அரிப்பும் எக்ஸிமா அல்ல. இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கில் பொரி தோன்றி, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் அது சொறி. அது ஒட்டும், வீட்டார் அனைவருக்கும் ஒரே சமயம் மருந்து வேண்டும். ஓரம் மட்டும் சிவந்து வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை, அதுவும் ஒட்டும். அரிக்காமல், தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் காட்டவேண்டும். தொழுநோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து அங்கே இலவசம். கையில் சீழ், காய்ச்சல், சிவந்த கோடு ஏறுதல் இருந்தால் அன்றே போகவேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு வெடிப்பையும் அலட்சியம் செய்யக்கூடாது.

நம் பகுதிக்கு முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தார் புதுச்சேரி சாலையிலேயே போய் இறங்கும் ஜிப்மர், இரண்டு ஊருக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிய 'பேட்ச் டெஸ்ட்' என்று ஒரு பரிசோதனை உண்டு. ஒவ்வாமை தரும் பொருள்களை மிகச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. போகும்போது சந்தேகமான சரக்கின் பெயர், சோப்புத்தூள் உறை, பூசிய களிம்புகள், மேலே சொன்ன நோட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பூண்டையோ வேறு சரக்கையோ தோலில் கட்டிவைத்து நாமே சோதிப்பது கூடாது, தோல் வெந்துவிடும்.

நம்மிடம் வேலை செய்பவர்கள்

கடையில் ஒருவருக்குக் கை கெட்டால் முதலில் அவரை அனுப்பாதீர்கள், சரக்கை மாற்றுங்கள். ஒட்டும் நோயா இல்லையா என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அந்த நாளின் கூலியைக் கொடுத்தே அனுப்புங்கள். வாடிக்கையாளர் கேட்டால் மறைக்காமல், "இது ஒட்டாது, டாக்டர் பார்த்திருக்கிறார்" என்று கல்லாவில் இருப்பவரே சொல்லவேண்டும். முதலாளி சொன்னால் வாடிக்கையாளர் கேட்பார், பணியாளர் சொன்னால் நம்பமாட்டார்.

எங்கள் பணியாளரைத் திரும்ப அழைத்தோம். வீட்டில் இருந்த நாட்களின் கூலியையும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். பூண்டு ஆய்வதை விட்டு, சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தோம். நான்கு மாதத்தில் வெடிப்பு மூடியது. கருமை மங்க ஒரு வருடம் பிடித்தது, விரல் மூட்டில் இன்னும் கொஞ்சம் நிழல் இருக்கிறது. அந்த நிழலை அவர் பொருட்படுத்துவதில்லை. முகம் சுளித்த அந்த வாடிக்கையாளரும் இப்போது அவர் கையால்தான் சீட்டு வாங்கிப் போகிறார்.

இன்று கடையைப் பூட்டும் முன் நம் கையையும், நம்மிடம் வேலை செய்பவர்கள் கையையும் ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம்.